சிவப்புப் பென்சில் வட்டங்கள்

வந்துவிட்டது என்று யார் சொன்னாலும் அவர் நம்பமாட்டார். தபால் வந்துவிட்டது என்றால், "கையில இருக்கா?" என்று கேட்பார். பியூன் டீயோடு படியேறும் சத்தம் கேட்டு நான் "டீ வந்தாச்சு சார்" என்றால் பதிலே சொல்லமாட்டார். தம்ளர் மேஜைமேல் உட்கார்ந்து, அதை விரலால் தொட்டுச் சூடு பார்த்த பிறகுதான் "ஆங், வந்துட்டு" என்பார். போர்ட் பிளேரில் டீக்கடைக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சரிவு. அதில் டீ தொலைந்துபோக வழியே இல்லை. இருந்தாலும் அப்படித்தான்.

காலையில் வேலைக்கு வருகிற ஒவ்வொருவர் தோளிலும் கை வைப்பார். வருகைப் பதிவேடு அவர் பொறுப்பில் இருந்தது. தோளைத் தொட்ட பிறகுதான் பதிவேட்டை நம் பக்கம் நகர்த்துவார். முதல் வாரம் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். மெட்ராஸிலிருந்து தனியாக வந்திருப்பவன் மேல் ஒரு கரிசனம் என்று நினைத்து மனசு குளிர்ந்துகூடப் போனது. பிறகு கவனித்தேன். கூட்டிப் பெருக்குகிறவர் தோளையும் அப்படியே தொட்டார். சண்டை போட்டு ஒரு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லாத ஸ்டோர் கீப்பர் தோளையும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தொட்டார். அதிகாரியை மட்டும் தொடமுடியாது. அவர் நாற்காலியில் உட்காரும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஊரில் அவருக்கு டாலி பாபு என்று பெயர். கப்பலில் ஏறி இறங்குகிற ஆட்களையும் மூட்டைகளையும் எண்ணிக் குறிக்கிற குமாஸ்தாவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் அந்த வேலையை விட்டு ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது, பெயர் விடவில்லை. அபர்டீன் பஜாரில் அவரோடு நடந்தால் பத்தடிக்கு ஒருவர் "நமஸ்தே டாலி பாபு" என்பார். அவரும் யாரென்று நின்று பார்த்துவிட்டுத்தான் பதில் வணக்கம் வைப்பார். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

எழுபதுகளின் பிற்பகுதி அது. பீரோ அளவில் ஒரு கம்ப்யூட்டர், மெட்ராஸில் கப்பலேறி வந்து, துறைமுகம் சார்ந்த அந்தச் சின்ன அலுவலகத்தின் மாடியில் குடியேறியிருந்தது. விற்ற கம்பெனியின் ஆளாக, அதை ஓடவைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியவனாக, நானும் பின்னாலேயே வந்திருந்தேன். அதற்கு இருந்த வேலை ஒன்றுதான். ஜெட்டியில், அதாவது கப்பல் அணைகிற மேடையில், ஒரு பெரிய குழாய்க்குள் மிதவை மிதந்துகொண்டிருக்கும். கடல் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த மிதவைக் கருவி கடல் மட்டத்தின் அளவைக் கம்பி வழியாக அனுப்பும். கம்ப்யூட்டர் அதை வாங்கிக் காகித நாடாவில் ஓட்டை போட்டு வைக்கும். எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு உள்ளே வரலாம் என்று முடிவு செய்ய அது உதவும் என்றார்கள்.

கருவிக்கும் கம்ப்யூட்டரை ஆளுகிற உள் புரோகிராமுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச ஒரு துண்டுப் புரோகிராம் வேண்டும். இன்றைக்கு அதை டிரைவர் என்கிறார்கள், அந்த உள் புரோகிராமைக் கெர்னல் என்கிறார்கள். நாங்கள் அன்று ஹேண்ட்லர் என்று சொன்னோம். நானூறு வரி இருக்கும். நான் எழுதியது. அதைப் படித்துச் சரிபார்த்து, ஏற்றுக்கொண்டோம் என்று அலுவலகத் தரப்பில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் டாலி பாபு.

மெயின்லேண்டில் ஆறு மாதப் பயிற்சி, முடிவில் பரீட்சை உண்டு என்று சுற்றறிக்கை வந்தபோது, பரீட்சை என்ற சொல்லைப் பார்த்ததும் மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கிக்கொண்டார்களாம். இவர் போய்ப் படித்துத் தேறி வந்திருந்தார். அதற்கு முன் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. நான் பொறியியல் பட்டம். எனக்கு முப்பத்தொரு வயது, அவருக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. ஒரு மணி நேரத்தில் கையெழுத்தை வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். அந்த வயதில் எனக்கு இருந்த திமிருக்கு அளவு எடுக்க ஒரு மிதவை போதாது.

தாள்களை வாங்கியவர் முதலில் படிக்கவே இல்லை. சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் போட ஆரம்பித்தார். காலி வட்டம். நானூறு வரிக்கும். 

"டிக் அடிச்சா சீக்கிரம் முடியுமே சார்" என்றேன்.

"டிக் நான் அடிக்கிறதில்ல" என்றார். "வட்டம் போட்டு வச்சிருவேன். அந்த வரி எனக்குப் பூரா விளங்கிட்டுன்னா உள்ளே நிரப்புவேன். விளங்கலைன்னா காலியாக் கெடக்கும். காலியாக் கெடக்கறது தூரத்துல இருந்தே தெரியும் பாத்தீங்களா?"

மறுநாள் சரிபார்ப்பு தொடங்கியது. நான் தாளைக் காட்டி விளக்கப் போனேன். அவர் அதை மூடி வைத்துவிட்டு, பியூனைக் கூப்பிட்டு விளக்கு சுவிட்ச் பக்கத்தில் நிற்கச் சொன்னார். தன் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு அறையின் கோடிக்குப் போய் நின்றார்.

"இப்ப நான் ஜெட்டியில நிக்கேன். நான்தான் மிதவை" என்றார். "கையில ஒரு அளவு வச்சிருக்கேன். உங்களைக் கூப்பிடுதேன். என்ன செய்யுதீங்க?"

"என்ன செய்யறது? வந்து வாங்கிக்கறேன்."

"நீங்க என்ன செய்வீங்கன்னு கேக்கல சார். உங்க புரோகிராம் என்ன செய்யுதுன்னு கேக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் எழுந்து போய்த் தீப்பெட்டியைக் கையில் வாங்கினேன். என் புரோகிராம் அடுத்துச் செய்வதை நானும் செய்தேன். "வந்துடுச்சு" என்றேன். 

"வந்துட்டுன்னு நீங்க சொன்னதும் மிதவை அந்த அளவை மறந்துரும். அது அப்படித்தான் செஞ்சு வந்திருக்கு" என்று அவர் இரண்டு கையையும் தட்டி உதறிக்கொண்டார். "இப்ப?"

"இப்ப நாடாவுல ஓட்டை போடுவேன்." மேஜையில் இருந்த நோட்டில் எழுதப் போனேன்.

அவர் கண்ணைக் காட்டினார். "லைட் சலா கயா!", கரண்ட் போயிடுச்சு என்று இந்தியில் கத்திக்கொண்டே பியூன் சுவிட்சை அணைத்தார். டாலி பாபு வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். தீப்பெட்டி தரையில் விழுந்தது.

"கரண்ட் போனா மெஷின் கையில இருக்கற அளவு நிக்காது. நாடாவுல விழுந்ததுதான் நிக்கும்" என்றார். "இப்பப் பாருங்க. என்கிட்ட இல்ல. உங்ககிட்ட இல்ல. நாடாவுலயும் இல்ல. ஆனா வந்துட்டுன்னு சொல்லிட்டீங்க."

பியூனுக்கு அந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் மாயாபந்தர் பக்கம் குடியேறிய ஒரு பெங்காலிக் குடும்பத்துக்காரர். அதற்கப்புறம் என்னை எங்கே பார்த்தாலும் "லைட் சலா கயா, சாப்" என்று சொல்லிச் சிரிப்பார். அந்த ஊரில் டீசல் மின்சாரம். நாளுக்கு நாலைந்து தடவை நிஜமாகவே போய்க்கொண்டிருந்தது.

ஒரு வாரம் இப்படியே நடந்தது. அவர் மிதவை, நான் கம்ப்யூட்டர். அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தீப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வட்டங்கள் நிரம்பிக்கொண்டே வந்தன. 'வந்துடுச்சு' என்று சொல்கிற அந்த ஓர் இடத்தில் இரண்டு வட்டம் மட்டும் காலியாகவே கிடந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். சூரை மீன் குழம்பு. இரண்டு பெண் குழந்தைகள் வெளியே விளையாடிவிட்டு உள்ளே வர, வாசலிலேயே இரண்டு பேர் தோளையும் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி நல்ல வாய்க்காரர்.

"உங்ககிட்டயும் இந்தக் கூத்துத்தானா?" என்றார் என்னிடம். "எங்க கல்யாணத்துல தாலி கட்டுதாவ. மூணாவது முடிச்சு இவுக தங்கச்சி போட்டா. கெட்டிமேளம் முடிஞ்சு எல்லாரும் சாப்பிட எந்திச்சாச்சு. இவுக மெதுவாத் தங்கச்சியக் கூப்பிட்டு, மூணாவது முடிச்சு விழுந்துட்டா, நீ பாத்தியான்னு கேக்காவ. எனக்கு எப்படி இருக்கும்?"

நான் புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். டாலி பாபுவும் சிரித்தார். "அப்ப சும்மா ஒரு பழக்கம்" என்றார். பிறகு அந்த அம்மாள் சொன்னதுதான் மனசில் தங்கியது. "அப்பச் சிரிப்பா இருந்துச்சு. ஹட் பேயில இருந்து வந்த பொறவு யாரும் சிரிக்கதில்ல" என்று சொல்லிவிட்டுக் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஹட் பே, தெற்கே இன்னொரு தீவில் கப்பல் நிற்கிற ஊர். டாலி பாபு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

இதற்கு நடுவில் மெட்ராஸிலிருந்து எனக்குத் தந்தி வந்தது. ஜெர்மனியில் ஆறு மாதப் பயிற்சிக்குக் கம்பெனி என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது. இந்த வேலையின் கையெழுத்தான தாளோடு அடுத்த கப்பலில் வந்து சேர வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் எனக்கு அடுத்தவன் போவான். அதற்கும் அடுத்த கப்பல் மூன்று வாரம் கழித்து. விமானத்தில் அதிகாரிகளுக்கே இடம் கிடைக்காத காலம். அந்தத் தந்தியை எத்தனை தடவை மடித்துப் பிரித்தேன் என்று எனக்கே தெரியாது. கைலி கட்டிக்கொண்டு கொசுவலைக்குள் படுத்தபடி ஜெர்மனியில் என்ன கோட்டு போடுவது என்று யோசித்தவன் நான்.

திங்கட்கிழமை அவர் எதிரே உட்கார்ந்து சண்டை போட்டேன்.

"நாடாவுல ஓட்டை போட ரெண்டே செகண்டுதான் சார் ஆகும். ஆறு நிமிஷத்துல ரெண்டு செகண்டு. அந்த ரெண்டு செகண்டுல கரண்ட் போகணும். போனாலும் ஒரு அளவுதான் போகும். நீங்க சொல்ற மாதிரி ஓட்டை போட்ட அப்புறம் பதில் சொன்னா, மிதவை காத்திருந்து பார்த்துட்டு அதே அளவைத் திருப்பி அனுப்பும். ஒண்ணு ரெண்டா வரும். அதைக் கண்டுபிடிச்சுக் கழிக்க இன்னும் இருபது வரி எழுதணும்."

"ரெண்டா வந்தா ஒண்ணை அடிச்சுக்கலாம்" என்றார். "வராதது வந்துட்டுன்னு இருந்தா எங்க போய்த் தேடுவீங்க?"

"ஒரு அளவு இல்லேன்னா என்ன சார்? யாரு சாகப் போறா?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "ஜெட்டி வரைக்கும் வாங்க" என்று மட்டும் சொன்னார்.

நடந்தே போனோம். மத்தியான வெயில். மிதவை இருந்த கொட்டகையின் கதவைத் திறந்து, குழாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஹட் பேயில அப்ப ஜெட்டி கெடையாது. கப்பல் தள்ளி நிக்கும். ஆளுங்க ஏணியில இறங்கிப் படகுல ஏறணும், படகு கரைக்குக் கொண்டுபோகும். புதுசா நெலம் குடுத்த பெங்காலிக் குடும்பங்க ஒவ்வொரு கப்பல்லயும் வந்துக்கிட்டே இருந்தாவ. நான் ஏணிகிட்ட லிஸ்டை வச்சிக்கிட்டு நிப்பேன். ஆள் ஏணியில கால் வச்சதும், 'கரையில் இறங்கியாச்சு'ங்கற கட்டத்துல டிக் அடிச்சுருவேன். எல்லா டாலியும் அப்படித்தான் அடிப்போம். கரையில நின்னு எண்ணுறதுக்கு ஆள் கெடையாது. ஏணியில இறங்கினவன் கரைக்குத்தானே போவான்?"

குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது.

"அன்னைக்கு மழை. கடலும் சரியில்ல. ஒரு பெரியவரு தனியா வந்தாரு. மகனுக்கு அங்க நெலம் கெடைச்சிருக்கு, அவன்கூட இருந்துரலாம்னு வந்திருக்காரு. கக்கத்துல குடை. ஏணியில கால் வச்சாரு. நான் டிக் அடிச்சுட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டேன்."

"விழுந்துட்டாரா?"

"தெரியாது சார். அதைத்தான் சொல்லுதேன். நான் அடுத்த பேரைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

பிறகு மிச்சத்தைச் சொன்னார். பெரியவரின் தகரப்பெட்டி வேறொரு படகில் சரியாகக் கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூன்று நாள் மணலிலேயே கிடந்திருக்கிறது. மூன்றாம் நாள் மகன் தன் நிலத்திலிருந்து நடந்து வந்து, "பாபா கஹாங் ஹை?", அப்பா எங்கே என்று கேட்டிருக்கிறான். லிஸ்டை எடுத்துப் பார்த்தார்கள். கரையில் இறங்கியாச்சு என்று டிக் இருந்தது.

"அதனால காட்டுல தேடினாவ" என்றார். "நாலு நாள். போலீஸு, குடியேறுன ஆளுங்க, அந்த மகன். நானும்தான் போனேன். என் டிக்கை நம்பி எல்லாரும் காட்டுக்குள்ள போனோம். ஒருத்தர்கூடக் கடலைத் திரும்பிப் பாக்கல. வந்துட்டாருன்னு எழுதியிருக்கே, வந்தவரு கடல்ல எதுக்கு இருப்பாரு? அஞ்சாம் நாள் குடை மட்டும் கரையில ஒதுங்குச்சு."

கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார்.

"ரெண்டு செகண்டுன்னு சொன்னீங்கல்லா? ஏணிக்கும் படகுக்கும் நடுவுல அவ்வளவுதான் சார் இருக்கும்."

அன்று சாயங்காலமே அந்த இருபது வரியை எழுத உட்கார்ந்தேன். பயந்துதான் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். அவருடைய மிதவையிடம் எனக்குப் பயம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் எழுதி முடித்து, அச்சடித்த தாள்களை அவரிடம் கொடுத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் வைத்துப் படிப்பதாகச் சொல்லி எடுத்துப் போனார்.

எழுதுவது ஒன்று, எழுதியதை மெஷினில் ஏற்றுவது இன்னொன்று. தாளில் இருக்கிற வரிகளை மெஷினுக்குப் புரிகிற நாடாவாக மாற்ற நாலு மணி நேரம் கரண்ட் நிற்காமல் இருக்க வேண்டும். நடுவில் போனால் திரும்ப முதலிலிருந்து. சனிக்கிழமை இரண்டு தடவை போனது. ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி நேரம் ஓடிவிட்டுப் போனது. அப்போது நான் அந்தப் பீரோவை ஓங்கி ஒரு உதை விட்டேன். கால் விரல்தான் வீங்கியது. ஆக, அவர் படித்துக்கொண்டிருந்த புதுப் புரோகிராம் தாளில் இருந்தது. மெஷினுக்குள் இருந்தது பழையது.

கப்பல் ஒரு நாள் முன்னதாக, திங்கட்கிழமை மத்தியானமே கிளம்புகிறது என்று அறிவித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை அவர் தாள்களோடு வந்தார். எல்லா வட்டங்களும் நிரம்பியிருந்தன. கடைசித் தாளின் அடியில் அவர் கையெழுத்திலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: மெஷினில் ஏற்றியாயிற்று. அதற்கும் ஒரு வட்டம் போட்டிருந்தார். அது மட்டும் காலியாக இருந்தது. விடியும்போதே போன கரண்ட் இன்னும் வரவில்லை. மெஷின் ஒரு விளக்குகூட எரியாமல் நின்றது.

"நல்லா வந்திருக்கு சார்" என்றார். அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. "ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு. நேத்து சாயங்காலம் கரண்ட் இருந்தப்பவே ஏத்திட்டேன்."

"ஓடிச்சா?"

"ஓடுச்சு."

மெஷினைப் பார்த்தார். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். "கரண்ட் வந்ததும் ஒரு தடவை பாத்துட்டுப் போட்டுருதேன். தபால்ல அனுப்பி வைக்கேன்."

"தபால் போறதும் இதே கப்பல்லதான் சார். அடுத்த கப்பல் போறதுக்குள்ள என் இடம் போயிடும்."

"அது தெரியும் சார்" என்றார். அவருக்கு அது நிஜமாகவே கஷ்டமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. மின்விசிறி இல்லாமல் இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. தாள்மேல் வேர்வை விழாமல் அவர் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். 

"ஏறிட்டுன்னு நீங்க சொல்லுதீங்க" என்றார்.

"ஆமா."

எழுந்து வந்தார். என் தோளில் கை வைத்தார். பிறகு உட்கார்ந்து, கடைசி வட்டத்தை அவசரமில்லாமல், கோட்டுக்கு வெளியே போகாமல் நிரப்பினார். கையெழுத்துப் போட்டார்.

எனக்கு அப்போது வாய் திறக்க எவ்வளவோ நேரம் இருந்தது. அந்த வட்டத்தை நிரப்ப அவருக்குக் கால் நிமிஷம் ஆகியிருக்கும். மெட்ராஸ் போனதும் சரியான நாடாவைத் தயார் செய்து, சின்னத் திருத்தம் என்று ஏதாவது சொல்லித் தபாலில் அனுப்பிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பவும் நம்பினேன்.

ஹாடோ துறைக்கு வழியனுப்ப வந்தார். நான் கப்பல் ஏணியில் ஏறும்போது கை காட்டினேன். அவர் பதிலுக்குக் கை தூக்கவில்லை. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு மேல்தளத்துக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் என் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அவர் கை மேலே போனது. கப்பல் திரும்பும்வரை அதை இறக்கவே இல்லை.

மெட்ராஸில் எனக்குக் கிடைத்தது நாலு நாள். பாஸ்போர்ட், கோட்டு, உறவுக்காரர்கள் வீட்டுச் சாப்பாடு. நாடா அனுப்பவில்லை. ஜெர்மனியில் பனியைப் பார்த்த அன்று அவர் ஞாபகம் வந்தது, போனது.

திரும்பி வந்த மாதத்தில் ஒரு பதிவுத் தபால் வந்தது, ஒப்புகை அட்டை வைத்து. போஸ்ட்மேன் முதலில் அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அப்புறம் கடிதத்தைக் கொடுத்தார். அதுதான் வழக்கம்.

ஒரு பக்கக் கடிதம். நலம் விசாரிப்பு. மழைக்காலத்தில் ஒரு நாள் கரண்ட் போய் வந்தபோது நாடாவில் ஒரு அளவைக் காணவில்லை, மிதவையோ கொடுத்துவிட்டதாகச் சொல்கிறது என்று எழுதியிருந்தார். மெஷினின் முன்பக்க சுவிட்சுகளைத் தட்டி, உள்ளே இருப்பதை வரி வரியாகப் படித்து அலுவலகத்தில் இருந்த நகல் தாளோடு ஒத்துப் பார்த்தாராம். ஒரு வாரம் ஆயிற்றாம். புது வரிகள் உள்ளே இல்லை. அவற்றைச் சுவிட்ச் வழியாகத் தன் கையாலேயே ஏற்றிவிட்டார். இப்போது சரியாக ஓடுகிறது, கவலைப்பட வேண்டாம் என்றிருந்தது. பார்க்காமல் வட்டத்தை நிரப்பியது தான் என்று அதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். அதனால் மெஷின் வேலையிலிருந்து எடுத்து, பழைய டாலி வேலைக்கே ஹட் பேக்கு மாற்றியிருக்கிறார்கள். படகு மணலில் தட்டி, ஆள் கால் ஊன்றின பிறகு தோளைத் தொட்டுத்தான் குறிக்கிறேன், கொஞ்சம் தாமதமாகிறது என்று கப்பல்காரர்கள் சத்தம் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தார்.

கடைசியில் இரண்டு வரி.

"நீங்கள் மறதியாகச் சொல்லிவிட்டீர்கள் என்று அதிகாரிக்குக் கொடுத்த கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அது தப்பாக இருந்தால் தெரிவியுங்கள், திருத்திவிடுகிறேன்."

அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் எழுதின டிரைவர்களைச் சரிபார்த்தே பிழைத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கெர்னலில் சேர்க்க யார் யாரோ எழுதின வரிகள் மெயிலில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சரிபார்த்தேன் என்று அடியில் என் பெயரைப் போட வேண்டும். லேசில் போடமாட்டேன். கருவிக்கு வந்துவிட்டது என்று சொல்கிற வரியைத் தேடிப் பிடித்து, சொல்லும்போது கையில் இருக்கிறதா, பத்திரமாக எழுதியாயிற்றா, நடுவில் கரண்ட் போனால் என்ன என்று கேட்டுத் திருப்பி அனுப்புவேன். சின்னப் பையன்கள் என்னைப் புகழ்கிறார்கள். இவ்வளவு கறாரான ஆள் கிடையாதாம். அந்தப் புகழ்ச்சி வருகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு இடது தோள் கனக்கும்.

கடிதம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. கிடைத்ததற்கு நான் கையெழுத்துப் போட்ட அட்டை ஹட் பேக்குப் போயிருக்கும். அவர் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு கப்பலிலும் தபால் மூட்டை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அவருக்குத் தப்பாக இருப்பதைத் திருத்தாமல் விட்டுப் பழக்கமில்லை.

நான் பதில் எழுதவில்லை. ஏதோ ஓர் அலுவலகத்தின் பழைய கோப்பில், அவர் கையெழுத்தின் கீழே, நான் மறதிக்காரன் என்றுதான் இன்னமும் இருக்கிறது.